மாடி ஒழுகும்போது யாரைக் கூப்பிடுவது?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். படுக்கையறைக் கூரையில் பழுப்பு வளையம். ஃபேன் கொக்கியை ஒட்டிப் பூச்சு உப்பிக்கொண்டிருக்கிறது. அடுக்களை மூலையில் ஒரு முழ நீளத்துக்குக் கம்பியே வெளியே தெரிகிறது. கடைசிப் படம் கான்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷன். மொட்டை மாடி வாட்டர்புரூஃபிங், மெட்டீரியல் லேபர் உட்பட, 10 வருட கேரண்டி என்று ஒரே வரி. அதற்குக் கீழே ஒரு தொகை. சனிக்கிழமைக்குள் 60 சதவீதம் போட்டுவிட்டால் திங்கட்கிழமை ஆள் இறக்கிவிடுவாராம். போட்டுவிடவா பெரியம்மா என்று கேட்டிருக்கிறாய்.

போடாதே. அவர் நல்லவரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இன்னும் அந்தக் கேள்விக்கே நாம் வரவில்லை. அவர் மாடி ஏறினாரா என்று போனில் கேட்டேன். ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தார், செல்போனில் கணக்குப் போட்டார் என்றாய். அப்படியானால் தண்ணீர் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அது தெரியாமல் நீ கொடுக்கும் பணத்துக்கு அவர் கையில் என்ன சரக்கு இருக்கிறதோ அதுதான் வரும். ஒழுகல் நிற்குமா என்பது அதிர்ஷ்டம். பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவில் இருந்த காலம் முழுவதும், ஓய்வுபெற்ற பிறகு தெரிந்தவர் வீடுகளிலும், நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்: காரணத்தைப் பிடிப்பதற்கு முன்னால் ஆளைப் பிடித்துவிடுகிறார்கள்.

அவசரப்பட ஒன்றும் இல்லை. தை பிறந்துவிட்டது. நடுவில் கோடை மழை வரும், ஆடி ஆவணியில் சாயங்கால இடிமழை வரும். உன் ஊரை நிஜமாகவே சோதிக்கிற மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். கூரை வேலைக்கு இப்போதிருந்து சித்திரை வரை நல்ல காலம். மழைக்காலத்தில் ஒழுகும்போது கூப்பிட்டால் எல்லோரும் விலை ஏற்றிச் சொல்வார்கள், ஈரத்தின் மேலேயே பூசிவிட்டும் போவார்கள். இப்போது கூப்பிட்டால் பேரம் உன் பக்கம்.

இங்கே கும்பகோணத்தில் வயதான தம்பதியர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் ஒரு கரண்டியால் சுரண்டினால் வெள்ளை, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே செங்காவி, இன்னும் கீழே சிமெண்ட் பால் என்று அடுக்கடுக்காக உரிந்து வந்தது. ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு ஆள், ஒவ்வொரு முன்பணம். கூரையோ சித்திரை வெயிலிலும் ஈரமாகவே இருந்தது. மழையே இல்லாத மாதத்தில் ஈரம் எப்படி வரும் என்று அத்தனை பேரில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. மாடித் தண்ணீர் டேங்கிலிருந்து இறங்கும் குழாயின் எல்போ ஒன்று சுவருக்குள் விரிசல் விட்டிருந்தது. பிளம்பர் அரை நாளில் மாற்றிவிட்டார். அந்த அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, போன பணத்தை நினைத்து.

அதனால் முதல் வேலையை நீயே செய். ஒரு சாக்கட்டி எடுத்துக்கொள். கூரையில் கறை தெரியும் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுது. மழையே இல்லாத நாட்களில் கறை அந்தக் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் குழாய், டேங்க், குளியலறை என்று அந்த வழியில் தேடு. கோட்டுக்குள்ளேயே காய்ந்து வெளிறிக்கொண்டே போனால் வந்தது மழைத் தண்ணீர். உன் அப்பாவோ தம்பியோ துணைக்கு வந்தால் டேங்கின் வால்வை ராத்திரி மூடிவிட்டு, உள்ளே தண்ணீர் மட்டத்தில் குறி வைத்து, காலையில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். செலவே இல்லாத சோதனை.

பிறகு மாடிக்குப் போ. கீழே கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதே. மாடியில் பதித்த தட்டோட்டுக்கும் கீழேயுள்ள ஸ்லாபுக்கும் நடுவில் தண்ணீர் வாட்டம் கண்ட பக்கமெல்லாம் ஓடி, ஸ்லாபில் எங்கே மயிரிழை விரிசல் இருக்கிறதோ அங்கே இறங்கும். படுக்கையறையில் சொட்டுவதற்கு வழி படிக்கட்டு அறையின் சுவர் ஓரத்தில்கூட இருக்கலாம். நான் பார்க்கச் சொல்வது முக்கியமாக மூலைகளை. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் ஓரம், படிக்கட்டு அறைச் சுவர் தளத்தில் உட்காரும் ஓரம், மழைநீர்க் குழாயின் வாய், டேங்க் நிற்கும் மேடையின் கால்கள், சோலார் ஹீட்டருக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் போல்ட் அடித்த துளைகள். தளத்தின் நடுவிலிருந்து ஒழுகும் வீடுகளைவிட இந்த ஓரங்களிலிருந்து ஒழுகும் வீடுகள் அதிகம். கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பையும் பார். அங்கே விரிசல் இருந்தால் சுவர் தண்ணீரைக் குடித்து அடியில் விடும். எங்காவது அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கிவிட்டு நிம்மதியாகிவிடாதே. வேர் உள்ளே இருக்கும்வரை மறுபடி துளிர்க்கும், அந்த இடத்தைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தின் உயரமான மூலையில் ஊற்றிப் பார். குழாய் வாய்க்கு ஓடுகிறதா, நடுவில் குளம் கட்டுகிறதா? பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வாட்டம் இருந்தால் தண்ணீர் தயங்காமல் போகும். குளம் கட்டும் இடத்தைச் சுற்றியும் சாக்கட்டியால் வரை, படம் எடுத்து வை. பின்னால் யாரிடம் பேசும்போதும் அந்தப் படம் உதவும்.

தளம் முழுவதும் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்கும்படி யாராவது சொல்வார்கள். நல்ல சோதனைதான், ஆனால் உன் வீட்டில் இப்போது வேண்டாம். ஓர் அங்குலத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ. உன் 900 சதுர அடிக்கு இரண்டு டன்னுக்கு மேல். கம்பி தெரிகிற ஸ்லாபின் மேல் அதை ஏற்றக் கூடாது. அதற்குப் பதிலாக ஒவ்வோர் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துப் பார். இன்று ஒரு மூலை, இரண்டு நாள் கழித்து அடுத்த மூலை. பொறுமை வேண்டிய வேலை. ஆனால் எந்த மூலையை நனைத்தபோது கீழே ஈரம் வந்தது என்று உனக்குத் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்தக் கான்ட்ராக்டரும் உன்னிடம் 900 சதுர அடிக்கும் சேர்த்துக் கதை சொல்ல முடியாது.

இப்போது அந்தக் கம்பி. எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் போனது அதனால்தான்.

ஒழுகல் சங்கடம், கம்பி துருப்பிடிப்பது ஆபத்து. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமெண்ட்டின் காரத்தன்மை அதைக் காப்பாற்றுகிறது. வருஷக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. ஈரமும் சேர்ந்தால் துரு ஆரம்பிக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் இல்லாமல் கீழேயுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். நீ படத்தில் காட்டிய உப்பல் அதுதான். கம்பிக்கு அடியில் குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்கிறது. உன் வீடு 1990களில் கட்டியது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் கவர் பிளாக் வைக்காமல் கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டைச் செருகிக் கான்கிரீட் போட்டார்கள். ஆட்கள் கம்பி மேல் நடந்தவுடன் ஜல்லி நழுவிவிடும், கம்பி போய் சென்ட்ரிங் பலகையில் படுத்துவிடும். அப்படிப்பட்ட இடங்கள்தான் இன்றைக்கு முதலில் உப்புகின்றன.

முதல் காரியமாக அந்த ஃபேனைக் கழற்றிவிடு, கட்டிலை அந்த இடத்திலிருந்து நகர்த்து. இன்றைக்கே. பிறகு ஒரு சிறிய சுத்தியலால், அல்லது கனமான சாவிக்கொத்தால், கூரையை மெல்லத் தட்டிக்கொண்டே போ. நல்ல இடத்தில் கெட்டியாகக் கணீரென்று கேட்கும். உள்ளே பிளந்திருக்கும் இடத்தில் டொப்பென்று வெற்றுச் சத்தம் கேட்கும். சத்தம் மாறும் இடத்தையெல்லாம் சாக்கட்டியால் வளைத்துவிடு. தட்டும்போது நேர் கீழே நிற்காதே, தலையில் ஹெல்மெட் இருக்கட்டும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள். வெற்றுச் சத்தம் ஒரு மூலையோடு நின்றால் ஒரு விதமான வேலை, அறை முழுவதும் கேட்டால் வேறு விதமான வேலை.

இதற்குக் கான்ட்ராக்டர்கள் செய்யும் சுலப வைத்தியம் ஒன்று உண்டு. உப்பியதைத் தட்டி விடுவார்கள், துருவின் மேலேயே சிமெண்ட் பூசுவார்கள், புட்டி போட்டு வெள்ளை அடிப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே துரு தன் பாட்டுக்கு வளரும். புதுப் பூச்சு, பழைய கான்கிரீட்டோடு சேராமல் கனமாகத் தொங்கும், ஒரு நாள் தட்டையாக மொத்தமாக விழும். குழந்தை தூங்கும் அறையில் அப்படி விழுந்த கூரையைப் பார்த்திருக்கிறேன். குழந்தை அன்றைக்குப் பாட்டி வீட்டில் இருந்ததால் பிழைத்தது. உன் கொட்டேஷனில் கம்பியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனித்தாயா? அந்தத் தொகையைக் கொடுத்து மாடி முழுக்கப் பூசினாலும் இந்த ஆபத்து அப்படியே இருக்கும்.

முறையான வேலை இப்படி நடக்கும். முதலில் ஸ்லாபுக்கு அடியில் முட்டு கொடுப்பார்கள். உப்பிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுப்பார்கள். கம்பி பிரஷ் போட்டு வெள்ளையாகத் தெரியும்வரை துருவைத் தேய்ப்பார்கள். எந்தக் கம்பி கால்வாசி அளவுக்குத் தேய்ந்து மெலிந்திருக்கிறதோ அதன் பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பார்கள். துரு தடுப்புப் பூச்சு, அதற்கு மேல் பழசையும் புதுசையும் பிடிக்க வைக்கும் பூச்சு, அதற்கும் மேல் பாலிமர் கலந்த கலவை என்று படிப்படியாக மூடுவார்கள். இதில் எது தேவை, எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். கான்ட்ராக்டர் கூட்டிவரும் இன்ஜினியர் வேண்டாம். நீயாகத் தேடி, நீயாகத் தனிக் கட்டணம் கொடுத்து, வேலையில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவரைக் கூப்பிடு. அவர் எழுதிக் கொடுக்கும் இரண்டு பக்க அறிக்கைதான் உன் கொட்டேஷனுக்கு அடிப்படை. அந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதே. மொத்தச் செலவிலேயே உனக்காக மட்டும் வேலை பார்க்கும் பணம் அது ஒன்றுதான்.

மாடியின் மேல்தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் உன்னிடம் அதிகம் விற்கப் பார்ப்பார்கள்.

உன் வீட்டில் ஸ்லாபுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதன் மேல் தட்டோடு. நம் ஊர் வெயிலுக்கு இதைவிட நல்ல தளத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் மதிப்பீடுகளில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு என்று போடுவோம். தண்ணீரில் ஊறிய ஜல்லியைச் சுண்ணாம்போடு புரட்டிப் பரப்பி, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்கச் சுண்ணாம்புப் பால் மேலே வரும், கட்டை துள்ளித் திரும்பும், அப்போதுதான் நிறுத்துவது. பழைய மேஸ்திரிகள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளிப்பார்கள். வெயிலில் ஸ்லாப் விரிந்து ராத்திரி சுருங்கும்போது சுண்ணாம்புத் தளம் அதோடு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இப்போது அவ்வளவு நேரம் அடிக்க யாருக்கும் பொறுமை இல்லை. சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். அது விறைப்பாக நின்று முதல் கோடையிலேயே வெடிக்கிறது.

உன்னுடையது பழைய சுண்ணாம்புத் தளமாக இருந்து, தட்டோடுகள் கெட்டியாக ஒட்டியிருந்தால், அதை உடைக்க விடாதே. பெரும்பாலும் கெட்டுப்போவது ஓடுகளின் இடுக்குதான். இடுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவையில் வாட்டர்புரூஃபிங் திரவம் கலந்து மறுபடி நிரப்பி, ஒரு வாரம் நனைத்து வைத்தாலே போதும் என்ற வீடுகள் நிறைய. வெற்றுச் சத்தம் கேட்கும் ஓடுகளை மட்டும் எடுத்து மாற்றலாம். சுவரோரங்களை உருட்டிப் பூசி, பூச்சைச் சுவரில் முக்கால் அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். இதெல்லாம் கொத்தனார் வேலை. இதில் ஒரு கான்ட்ராக்டருக்குப் பெரிய லாபம் கிடையாது, அதனால் யாரும் தாமாக இதைச் சொல்ல மாட்டார்கள். நீதான் கேட்க வேண்டும்.

ஒருவர் வந்து பழைய ஓட்டின் மேலேயே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டு வாட்டம் எடுத்துத் தருகிறேன் என்பார். அவரை வாசலோடு அனுப்பிவிடு. இரண்டு அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு 120 கிலோவுக்கு மேல். உன் தளம் முழுவதற்கும் பத்து டன். ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு ஐ.எஸ். 875 கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமையே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். துருப்பிடித்த கம்பி உள்ள ஸ்லாபின் மேல் நிரந்தரமாக அதில் பெரும்பகுதியை ஏற்றி வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்று நீயே யோசி. வாட்டம் சரியில்லை என்றால் பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும்.

பெயிண்ட் மாதிரி அடிக்கும் பூச்சுகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. இடமறிந்து போட்டால் உழைக்கும். ஆனால் அக்ரிலிக் பூச்சு நாள்கணக்கில் தேங்கிய தண்ணீரில் ஊறினால் இளகி உரியும். ஆகவே வாட்டம் சரியான பிறகுதான் பூச்சு. ஈரத்தின் மேல் எந்தப் பூச்சும் நிற்காது. ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைத் தளத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டு. ஒரு ராத்திரி முழுக்க விட்டு மறுநாள் எடுத்துப் பார். தாளின் உள்பக்கம் நீர்த்துளி பூத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை, ஆளைத் திருப்பி அனுப்பு. பூச்சை நீயே கடையில் பில் போட்டு வாங்கு. டப்பாவின் மேல் ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு என்று அச்சடித்திருக்கும். உன் பரப்புக்கு எத்தனை டப்பா என்று கணக்குப் போட்டு வை, வேலை முடிந்ததும் காலி டப்பாக்களை எண்ணு. முதல் கை ஒரு நிறம், இரண்டாவது கை வேறு நிறம் என்று கேள். அப்போது இரண்டாவது கை விட்டுப்போன இடம் தானே தெரியும். இன்னொன்று, நம் மாநிலத்தில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உன் மாடிக் குழாய் கிணற்றிலோ குழியிலோதான் போய் விழும். பூச்சு வேலை நடக்கும்போது அந்தக் குழாயைத் திருப்பி வெளியே விட்டுவிடு. முதல் மழைத் தண்ணீரையும் உள்ளே விடாதே.

இத்தனையும் தெரிந்த பிறகு ஆளைத் தேடு. பக்கத்திலுள்ள பழைய ஹார்டுவேர் கடையில் விசாரி. எந்த மேஸ்திரி சரக்கை எடுத்துவிட்டுக் கடன் சொல்கிறார், எவர் ஒழுங்காகக் கணக்கை முடிக்கிறார் என்று கடைக்காரருக்குத் தெரியும். வருகிறவரிடம் போன வருஷம் முடித்த வேலையைக் காட்டச் சொல்லாதே. இரண்டு மழைக்காலம் தாண்டிய வேலையைக் காட்டச் சொல். அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசு. ஒழுகியதா என்று மட்டும் கேட்காதே, ஒழுகியபோது போனை எடுத்தாரா என்று கேள். வேலையில் குறை வராத கான்ட்ராக்டர் கிடையாது. குறை வந்தால் திரும்பி வருகிறவர்தான் நல்ல கான்ட்ராக்டர்.

பேசியதை எல்லாம் எழுத்தில் வாங்கு. எந்த இடத்தில், என்ன வேலை, எந்தப் பொருள், எத்தனை சதுர அடி, சுவரோரம் எத்தனை அடி நீளம், இடித்த கட்டட இடிபாட்டை யார் அப்புறப்படுத்துவது, எத்தனை நாளில் முடிப்பது. அவர் அளப்பதற்கு முன்னால் நீயே டேப் பிடித்து அளந்து வைத்திரு. கேரண்டி என்றால் எதற்குக் கேரண்டி என்று கேள். பூச்சுத் தயாரிக்கும் கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் டப்பாவுக்குள் இருக்கும் சரக்குக்கு மட்டும்தான். வேலைக்கான கேரண்டியைக் கான்ட்ராக்டர் தன் கையெழுத்தில் எழுதித் தர வேண்டும், ஒழுகினால் எத்தனை நாளில் வருவார் என்பதோடு.

பணத்தைப் பற்றி. ஒழுங்கான கான்ட்ராக்டருக்கும் முன்பணம் தேவைதான். ஆள் கூலி சனிக்கிழமைதோறும் கொடுத்தாக வேண்டும், அவர் கையிலிருந்து போட முடியாது. ஆனால் 60 சதவீதம் அதிகம். சரக்கை நீ வாங்கிக் கொடுத்தால், கூலிக்கு 10 அல்லது 15 சதவீதம் முன்னால் கொடு. முட்டு கொடுத்துக் கொத்தி முடித்ததும் ஒரு பங்கு, கம்பி வேலையை இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் ஒரு பங்கு, மேல்தளம் முடிந்ததும் ஒரு பங்கு. பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொள், மார்கழியில் கொடுப்பதாக எழுதிவிடு. இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் தன் வேலை மழையில் நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாதவர். எல்லாப் பணத்தையும் வங்கி வழியாகவே கொடு. ஜிஎஸ்டி பில் கேள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே உள்ள சிறிய மேஸ்திரி ஜிஎஸ்டி எண் வைத்திருக்கத் தேவையில்லை; அவரிடம் கையெழுத்திட்ட ரசீது போதும். அவரை அதற்காக ஒதுக்கிவிடாதே. நல்ல கைவேலைக்காரர்கள் பலர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

வேலை கெட்டு, அவர் போனையும் எடுக்காமல் போனால் அழுதுகொண்டு உட்காராதே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் வரையிலான வேலைக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் முதலில் ஆலோசனையும் கேட்கலாம். அங்கே உன்னைக் காப்பாற்றப் போவது சாக்கட்டிக் கோடு தெரியும் தேதி போட்ட படங்களும், இன்ஜினியர் அறிக்கையும், வங்கிக் கணக்கும்தான். அதனால்தான் எல்லாவற்றையும் எழுது, படமெடு என்று இவ்வளவு சொல்கிறேன்.

வேலைக்கு வருகிறவர்களை நன்றாக வைத்துக்கொள். உன் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கிறது. ஓரத்தில் வேலை நடக்கும்போது பெல்ட்டும் கயிறும் இல்லாமல் ஒருவரையும் நிற்க விடாதே. அந்த நிபந்தனையையும் ஒப்பந்தத்திலேயே எழுது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. வருகிறவர்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார், இல்லையென்றால் கான்ட்ராக்டரிடம் சொல். சித்தாள் பெண்கள் வந்தால் உன் வீட்டுக் கழிப்பறையைத் தாராளமாகத் திறந்துவிடு. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வேலை செய்து நோயில் விழுந்த பெண்களை எனக்குத் தெரியும். பதினோரு மணிக்கு டீ, மத்தியானம் குடிக்க மோர். கொத்தனாரிடம் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் அண்ணா என்று மரியாதையாகக் கேள். கேட்டால் சொல்வார்கள், சொல்லும்போது கவனமாகவும் செய்வார்கள்.

அந்தக் கான்ட்ராக்டரிடம் இன்றைக்கே போன் செய்து, இன்ஜினியர் அறிக்கை வந்த பிறகு கூப்பிடுகிறேன், அப்போது மாடி ஏறிப் பார்த்து வரிவரியாகப் பிரித்துக் கொட்டேஷன் கொடுங்கள் என்று சொல். வந்தால் பேசலாம். வீடு வாங்கியபோது பழைய சொந்தக்காரர் கொடுத்த காகிதங்களில் ஸ்லாபின் கம்பி வரைபடம் இருக்கிறதா என்று தேடி எனக்கு அனுப்பு. இன்ஜினியர் கூரையைத் திறந்து பார்க்கும் நாளை ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால், சோழன் எக்ஸ்பிரஸில் ஏறி வந்து தாம்பரத்தில் இறங்கிவிடுவேன். கம்பியை நானும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா
கும்பகோணம்